நம்பர் என்ன என்று கேட்காதீர்கள்

"கேஸ் நம்பர் என்ன?"

நம் நாட்டில் ஒரு சாதாரண ஆள் கோர்ட்டுக்குப் போய்ப் பழைய காகிதம் ஒன்றுக்கு நகல் கேட்டால் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். தெரியாது என்றால் பேச்சு அதோடு முடிந்தது. "நம்பர் கொண்டாங்க, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையில் குனிந்துவிடுவார். வந்தவர் படியிறங்கி வேப்பமரத்தடியில் நிற்பார். நம்பரை எங்கே போய்க் கேட்பது? நம்பர் இருக்கிற நோட்டு அந்த அறைக்குள்தானே இருக்கிறது?

இந்தக் கட்டுரை அந்த ஒரே ஒரு கேள்விக்கு எதிராக எழுதப்படுகிறது. எழுதுகிறவன் முப்பத்திரண்டு வருஷம் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து, அதே கேள்வியை நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டவன். ஆகவே வெளியிலிருந்து கல்லெறிகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கண்ணாடி வீட்டில்தான் நானும் குடியிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு அம்மாள் இருக்கிறார். அறுபத்தெட்டு வயது. புருஷன் மில் வேலைக்காகக் கப்பலூர் பக்கம் வந்து குடியேறியவர், காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அவர்களுடைய பூர்வீக ஊர் வேறு. நம் தெற்குப் பக்கத்தில் 1985இல் பிரிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று, அவ்வளவு சொன்னால் போதும். எந்தக் கோர்ட் என்று நான் சொல்லப்போவதில்லை. ஊர் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க் கோர்ட்டின் மேல் மட்டும் குற்றம் என்று ஆகிவிடும். குற்றம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

ஒரு நாள் காலையில் அந்த அம்மாள் கையில் ஒரு சம்மனோடு வந்தார். "அண்ணே, இது என்னன்னு வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். பாகப்பிரிவினை வழக்கு. புருஷனின் அண்ணன் பிள்ளைகள் போட்டிருந்தார்கள். தாத்தா உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார், ஆகவே ஊரிலிருக்கும் வீட்டிலும் அறுபது சென்ட் புஞ்சையிலும் எங்களுக்கும் பாதி உண்டு என்பது பிராது. நாலு வழிச் சாலை வந்த பிறகு புஞ்சைக்கெல்லாம் பாசம் கூடிவிட்டது, அது வேறு கதை.

"உயில் இருக்குண்ணே" என்றார் அந்த அம்மாள். "எங்க மாமனார் எழுதி வச்சிருந்தாரு. அவரு போனதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரரு கோர்ட்டுல போட்டு புரொபேட்டுகூட வாங்குனாரு. எனக்குக் கலியாணமாகி நாலஞ்சு வருசம் இருக்கும்."

காகிதம் எங்கே என்று கேட்டேன். ஒரு மழையில் ஓட்டு வீடு ஒழுகி டிரங்குப் பெட்டியோடு போய்விட்டதாம். எங்களில் எத்தனை பேர் வீட்டில் இந்தக் கதை இல்லை?

இங்கே புரொபேட் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. உயில் எழுதியவர் இறந்த பிறகு, இது அவர் எழுதிய உயில்தான் என்று நீதிமன்றம் விசாரித்து, முத்திரை வைத்துத் தரும் சான்று அது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அதைக் கொடுக்கும் அதிகாரம் மாவட்ட நீதிபதிக்கு உண்டு. சென்னை நகரத்து உயில்களுக்கு அந்தச் சட்டத்தின் 213ஆவது பிரிவு புரொபேட்டைக் கட்டாயமாக்கி வைத்திருந்தது. நம் பக்கத்து உயில்களுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. அதனால் இங்கே புரொபேட் வாங்கியவர்கள் குறைவு. பங்காளிச் சண்டை வரும் என்று முன்கூட்டியே யோசித்தவர்களும், நல்ல வக்கீல் அமைந்தவர்களும்தான் வாங்கி வைத்தார்கள்.

அப்படி வாங்கி வைத்தவர்கள் புத்திசாலிகள். ஏனென்றால் புரொபேட் தீர்ப்பு சாதாரணத் தீர்ப்பு அல்ல. சாதாரண வழக்கின் தீர்ப்பு அந்த வழக்கில் இருந்தவர்களைத்தான் கட்டுப்படுத்தும். புரொபேட் தீர்ப்பு வழக்கில் இல்லாதவர்களையும் சேர்த்து, உலகத்தையே கட்டுப்படுத்தும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 41ஆவது பிரிவில் அதைச் சொன்னது. இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய சட்டமும் அதையே சொல்கிறது. ஆகவே அந்த ஒரு காகிதம் கையில் இருந்தால் இந்த அம்மாளுக்கு வழக்கில் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

வக்கீலைப் பார்த்தோம். நல்ல மனிதர். "சம்மன் சேர்ந்த 30 நாளில் எதிருரை போடணும். கோர்ட் மனசு வைத்தால் 90 நாள் வரை இழுக்கலாம். புரொபேட் நம்பரும் வருஷமும் இல்லாம எதிருரையில நான் என்ன எழுதறது? காப்பி வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். ரேஷன் கடையில் சீனி வாங்கி வருவது போலச் சொன்னார்.

முதலில் புது மாவட்டத்துக் கோர்ட்டுக்குப் போனோம். "எப்ப நடந்த கேஸ்?" 1970களின் கடைசியில் என்றோம். "அப்ப இந்த மாவட்டமே கிடையாதே, பழைய கோர்ட்டுல போய்க் கேளுங்க." சரியான பதில்தான், குறை சொல்ல மாட்டேன். பழைய கோர்ட்டுக்கு இன்னொரு நாள் பஸ் ஏறினோம். அங்கே, "மாவட்டம் பிரிக்கிறப்ப கட்டெல்லாம் புதுக் கோர்ட்டுக்கு அனுப்பியாச்சே. நம்பர் இருந்தா இங்க இருக்கா, அங்க போச்சான்னு பாத்துச் சொல்லலாம். நம்பர் என்ன?"

நம்பர் இல்லை. அந்த அம்மாள் மாமனார் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், இறந்த வருஷத்தைச் சொன்னார், புருஷன் பெயரைச் சொன்னார், அப்போது இருந்த வக்கீலின் பெயரைக்கூடச் சொன்னார். ஒரு மனிதனை அடையாளம் காண இதற்கு மேல் என்ன வேண்டும்? "அதெல்லாம் சரிம்மா. நம்பர் இல்லாம நான் எங்கன்னு தேடுறது?" என்றார் அந்தத் தம்பி. அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருக்கு முன்னால் ஒரு ஆள் உயரத்துக்குக் கட்டுகள் இருந்தன. அவர் ஒருவர்தான் இருந்தார்.

மூன்றாவது தடவை போனபோது அந்த அம்மாள் திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னார்: "விடுங்கண்ணே. அவங்களுக்கே பாதியக் குடுத்துட்டுப் போயிர்றேன். பஸ்ஸுக்குக் குடுத்து மாள முடியல." அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. கோர்ட்டில் ஜெயித்து, முத்திரை வாங்கி, சட்டப்படி முடிந்துபோன ஒரு விஷயத்தில், நம்பர் தெரியாது என்கிற ஒரே காரணத்துக்காக ஒருத்தி பாதிச் சொத்தை விட்டுக்கொடுக்கத் தயாராகிறாள். இதற்குப் பெயர் தாமதம் அல்ல. உயிலை ரத்து செய்வதுதான். நீதிபதி செய்யாத ரத்தை ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாதது செய்கிறது.

கடைசியில் நம்பர் எப்படிக் கிடைத்தது தெரியுமா? கோர்ட்டில் அல்ல. அந்த அம்மாள் வீட்டில் பட்டா மாறுதல் உத்தரவின் பழைய நகல் ஒன்று வில்லங்கச் சான்றுகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு கிடந்தது. எந்த அரசு உத்தரவிலும் மேலே "பார்வை" என்று ஒரு பகுதி இருக்கும். எந்தெந்தக் காகிதத்தைப் பார்த்து இந்த உத்தரவு போடப்படுகிறது என்ற வரிசை. பொதுமக்கள் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். கிளார்க்காக இருந்தவன் அதைத்தான் முதலில் படிப்பான். பார்வையில் மூன்றாவதாக, மாவட்ட நீதிமன்ற ஓ.பி. நம்பரும் வருஷமும் இருந்தன. எந்தக் காலத்திலோ ஒரு தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒழுங்காகத் தன் வேலையைச் செய்திருக்கிறார். அவருக்கு என் வணக்கம். சம்மன் வந்த 41ஆவது நாள் அது.

நம்பரோடு போன பிறகு எல்லாம் ஒரு வழியாக நடந்தது. அந்த அம்மாள் வழக்கில் நேரடிப் பார்ட்டி இல்லை என்பதால், காரணம் சொல்லிப் பிரமாணப் பத்திரம் போட்டு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அது நியாயமான விதி. கட்டைத் தேடி எடுத்தார்கள், நகலுக்கு ஸ்டாம்பு கேட்டு நோட்டீஸ் போர்டில் போட்டார்கள், கட்டினோம். 78ஆவது நாள் நகல் கைக்கு வந்தது. 82ஆவது நாள் எதிருரை தாக்கலானது. வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் பாதியைக் கொடுத்துவிடுகிறேன் என்ற பேச்சு இப்போது இல்லை.

அந்த நகலின் பின்பக்கத்து முத்திரையைப் பாருங்கள். மனு கொடுத்த தேதி, ஸ்டாம்பு கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி என்று வரிசையாக இருக்கும். எதற்கு இவ்வளவு தேதி? மேல்முறையீட்டுக்குக் கெடு கணக்கிடும்போது, நகலுக்காகக் காத்திருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. கோர்ட்டின் தாமதத்துக்குக் குடிமகன் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம். ஆனால் நம்பர் தேடி அலைந்த 41 நாளுக்கு அந்த முத்திரையில் கட்டம் கிடையாது. மனுவே வாங்காதபோது தேதி எங்கிருந்து வரும்? அலைந்ததற்குச் சாட்சி அந்த அம்மாளின் செருப்பு மட்டும்தான்.

இப்போது சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். எதிர்த்தரப்பின் வாயிலிருந்தே என் வாதத்தை எடுத்துக் காட்டுகிறேன்.

புரொபேட் மனு போட்டால், சம்பந்தம் இருக்கிறது என்று நினைக்கிற யாரும் வரலாம் என்று மாவட்ட நீதிபதி அறிவிப்பு விடலாம். அப்படி விடும் அறிவிப்பைக் கோர்ட் கட்டடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும், கலெக்டர் ஆபீசிலும் ஒட்ட வேண்டும். இது 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 283ஆவது பிரிவு. ஆரம்பத்தில் ஊரைக் கூட்டித் தமுக்கு அடிக்கிறார்கள். தீர்ப்பு வந்த பிறகு அது உலகத்தையே கட்டுப்படுத்துகிறது. ஆனால் அதே உலகத்திலிருந்து ஒரு ஆள் வந்து "அந்தத் தீர்ப்பை நான் பார்க்கலாமா?" என்றால், நம்பர் என்ன? கட்டுப்படுத்தும் உரிமை உலகத்தின் மேல் இருக்கிறதென்றால், கண்டுபிடிக்கும் உரிமை அந்த உலகத்துக்கு இருக்க வேண்டாமா?

இன்னொரு பிரிவு, 294. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. புரொபேட் கொடுக்கப்பட்ட அசல் உயில்களை மாவட்ட நீதிபதியின் ஆவணங்களோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும், எதுவரை என்றால், உயில்களுக்கென்று ஒரு பொதுப் பதிவகம் ஏற்படுத்தப்படும் வரை. அந்த உயில்களைப் பாதுகாக்கவும் பார்வையிடவும் மாநில அரசு விதிகள் செய்ய வேண்டும். பொதுப் பதிவகம் வரும் வரை! சட்டம் வந்து 100 வருஷம் ஆகிவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பிருந்து காத்திருக்கிறோம். பார்வையிடும் விதி இன்னதென்று எந்தக் கோர்ட்டுச் சுவரிலும் ஒரு போர்டு நான் கண்டதில்லை.

அந்தச் சட்டத்தை எழுதிக் கொடுத்த இங்கிலாந்தில் என்ன செய்தார்கள்? 1858இல் இருந்தே அங்கே புரொபேட் ஆனவர்களின் பெயர்ப் பட்டியலை வருஷவாரியாக, அகரவரிசையில் அச்சடித்து வந்தார்கள். இறந்தவர் பெயரும் வருஷமும் தெரிந்தால் யாரும் தேடலாம், நகல் கேட்கலாம். அமெரிக்காவிலும் கவுண்டி கோர்ட்டுகளில் இறந்தவர் பெயரைச் சொல்லித்தான் தேடுவார்கள். ஆண்டவன் தன் வீட்டுக்கு அட்டவணை போட்டுக்கொண்டான், நமக்கு "வரும் வரை" என்று ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் போன பிறகாவது நாம் போட்டிருக்கலாம் அல்லவா?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே பிறப்பு, திருமணம், இறப்புக்கு எத்தா சிவில் என்ற பதிவு உண்டு. சின்ன வயதில் அப்பாவோடு பிறப்புப் பதிவின் நகல் வாங்க மேரிக்குப் போனது நினைவிருக்கிறது. மேரி என்றால் நகர மன்ற அலுவலகம். அங்கிருந்தவர் கேட்டது இரண்டே கேள்வி: பெயர் என்ன? எந்த வருஷ வாக்கில்? கேட்டுவிட்டு ஒரு பெரிய நோட்டை விரித்தார். பத்து வருஷத்துக்கு ஒரு நோட்டு, அதில் அகரவரிசையில் பெயர்கள், பெயருக்கு நேரே தேதி. பத்தாண்டு அட்டவணை. பிரான்சில் 1792ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த முறை அது. நாங்கள் உட்கார இடம் பார்ப்பதற்குள் அவர் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

பிரெஞ்சுக்காரன் புகழ் பாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவன் செய்த கூத்துகளைப் பற்றி இதே இடத்தில் தனியாக எழுதலாம். நான் சொல்ல வருவது, இது கம்ப்யூட்டர் சமாச்சாரம் அல்ல என்பது. ஒரு நோட்டு, ஒரு பேனா, பெயரை முன்னால் எழுதி நம்பரைப் பின்னால் எழுதும் ஒரு புத்தி. இவ்வளவுதான் வேண்டும்.

நம் நாட்டுக்கு அந்தப் புத்தி கிடையாதா? ஏன் கிடையாது? பத்திரப்பதிவு அலுவலகத்தைப் பாருங்கள். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட உயில்கள் 3ஆம் புத்தகத்தில் ஏறும். அதற்கென்று 3ஆம் அட்டவணை உண்டு. அதில் உயில் எழுதியவரின் பெயர் ஏறும். அவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய ஏஜண்டோ தவிர வேறு யாருக்கும் நகல் கிடையாது. இறந்த பிறகு யார் கேட்டாலும் உண்டு. எவ்வளவு தெளிவான ஏற்பாடு! ஒரே தேசம், ஒரே மாதிரிக் காகிதம். சார்பதிவாளர் ஆபீசில் பெயரைச் சொன்னால் போதும் என்று சட்டமே சொல்கிறது. கோர்ட்டு வாசலில் மட்டும் ஏன் நம்பர்?

எனக்கு வரக்கூடிய பதில்களை நானே சொல்லிவிடுகிறேன்.

முதல் பதில்: "ஆள் பற்றாக்குறை." உண்மை. ஆனால் நம்பர் கேட்டுத் திருப்பி அனுப்பினால் வேலை குறைகிறதா? அந்த அம்மாள் ஒருத்திக்காக இரண்டு கோர்ட்டிலும் நாலைந்து பேர் பல தடவை பதில் சொன்னார்கள். அட்டவணை இருந்தால் ஒருவர், ஐந்து நிமிஷம். மாவட்டக் கோர்ட்டில் வருஷத்துக்குப் பதிவாகும் புரொபேட் மனுக்கள், மற்ற வழக்குகளோடு ஒப்பிட்டால், கறிவேப்பிலைக் கொத்து. அதற்கு மட்டும் அட்டவணை போடுவது மலையைத் தூக்குகிற வேலை அல்ல. ஓய்வு பெற்ற எங்களைப் போன்ற கிளார்க்குகளைக் கூப்பிட்டால் பஸ் சார்ஜுக்கு வந்து எழுதிக் கொடுப்போம்.

இரண்டாவது பதில்: "பெயரைச் சொன்னால் நம்பர் கொடுத்தால் புரோக்கர்கள் புகுந்துவிடுவார்கள், யார் சொத்து எங்கே கிடக்கிறது என்று மோப்பம் பிடிப்பார்கள்." இதைக் கேட்டால்தான் எனக்கு உண்மையான கோபம் வரும். ஐயா, புரோக்கருக்கு நம்பர் எப்போதோ தெரியும். அவருக்கு உள்ளே ஆள் இருக்கிறது. நம்பர் தெரியாமல் நிற்பவள் அறுபத்தெட்டு வயது விதவை. பூட்டுப் போட்டுத் திருடனை உள்ளே வைத்துவிட்டு, வீட்டுக்காரரைத் திண்ணையில் நிறுத்துகிற காரியம் இது. மோசடிக்குப் பயந்தால் அதற்குத்தான் பிரமாணப் பத்திரம் இருக்கிறது, நீதிபதியின் அனுமதி இருக்கிறது. நகல் கொடுப்பதற்கு எவ்வளவு கண்டிப்பு வேண்டுமானாலும் வையுங்கள். அந்தக் காகிதம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்கு என்ன கண்டிப்பு?

மூன்றாவது பதில்: "எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது." வந்திருக்கிறது, மறுக்கவில்லை. இ-கோர்ட்ஸ் தளத்தில் 16 இலக்கச் சி.என்.ஆர். எண் போட்டும் தேடலாம், பார்ட்டி பெயர் போட்டும் தேடலாம். நல்ல காரியம், செய்தவர்கள் நன்றாயிருக்கட்டும். ஆனால் அந்த அம்மாளுக்காக நானும் பேரனை உட்கார வைத்துத் தேடிப் பார்த்தேன். எழுபதுகளின் ஓ.பி. அதில் இல்லை. இருந்தாலும், இராமசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். இனிஷியல் முன்னாலா பின்னாலா, சாதிப் பட்டத்தோடா இல்லாமலா என்று அது வேறு. மூன்றாம் கட்ட இ-கோர்ட்ஸ் திட்டத்துக்கு மத்திய அரசு 2023இல் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் 2,000 கோடிக்கு மேல் பழைய கட்டுகளை ஸ்கேன் செய்து டிஜிட்டல் ஆக்குவதற்கு. என் பயம் என்னவென்றால், கட்டு கட்டாகப் படம் பிடித்துவிட்டு, அதையும் நம்பர்வாரியாகவே அடுக்கி வைத்துவிடுவார்கள். அலமாரியில் தொலைந்தது கம்ப்யூட்டரில் தொலையும். ஸ்கேன் செய்யும் கையோடு, இறந்தவர் பெயர், ஊர், வருஷம் என்ற மூன்றையும் தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லி ஒரு உத்தரவு போட்டால் போதும்.

நாலாவது பதில்: "தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்." அந்தக் கதவும் பாதி மூடியிருக்கிறது. நீதிமன்றக் கட்டுகளின் நகலை அந்தந்த நீதிமன்ற விதிப்படிதான் கேட்க வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியாது என்று குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் ஒரு கதவை மூடினால் மற்றக் கதவு எளிதாகத் திறக்க வேண்டும்.

இப்போது என் பாவமன்னிப்பு. எண்பதுகளில் நான் ஆவணப் பிரிவில் இருந்தேன். ஒரு பெரியவர், மஞ்சள் பை, தோளில் துண்டு. தன் அப்பா காலத்து உத்தரவு ஒன்றுக்கு நகல் கேட்டு வந்தார். "ந.க. நம்பர் என்ன?" என்றேன். முழித்தார். "நம்பர் கொண்டாங்க" என்றேன். இரண்டாவது தடவை வந்தார், அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது தடவை வந்தபோது என் மேஜையில் முருங்கைக்காய்க் கட்டு ஒன்றை வைத்தார். நான் அதை எடுத்துப் போகச் சொன்னேன், பெரிய யோக்கியன் என்ற நினைப்பு. நம்பர் கேட்டது லஞ்சத்தைவிட மோசம் என்று அப்போது புரியவில்லை. நாலாவது தடவை அவர் வரவில்லை.

அந்த வருஷத்துத் தன்பதிவேட்டைப் புரட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கலாம். எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும். நான் புரட்டவில்லை. ஏனென்றால் புரட்டச் சொல்லி எந்த விதியும் இல்லை, புரட்டாவிட்டால் கேட்பாரும் இல்லை. நம்பர் கேட்பது ஒரு கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் அது கதவைச் சாத்துவது. சாத்தியவனுக்குக் கை வலிக்காது.

அதனால்தான் சொல்கிறேன், தனி மனிதர்களின் நல்ல மனசை நம்பி இதை விடக் கூடாது. நான் கேட்பது மூன்றே விஷயம். ஒன்று, ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் புரொபேட் மனுக்களுக்கு இறந்தவர் பெயர்வாரி அட்டவணை, பொதுமக்கள் கண்ணில் படும் இடத்தில். மாவட்டம் பிரிந்தால் அட்டவணையின் பிரதி இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும். இரண்டு, நகல் மனுப் படிவத்தில் "வழக்கு எண் தெரியாது" என்று ஒரு கட்டம். அதில் டிக் செய்தால் தேடுவது அலுவலகத்தின் கடமை. அதற்குத் தேடும் கட்டணம் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளட்டும். மூன்று, அப்படிக் கொடுத்த மனுவுக்கும் தேதி முத்திரை. கிடைக்கவில்லை என்றால் "கிடைக்கவில்லை" என்று எழுத்தில், கையெழுத்தோடு. வாய் வார்த்தை வேண்டாம்.

பொது ஆவணத்தைப் பார்க்க உரிமையுள்ளவர் கேட்டால், கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் கொடுப்பது அதை வைத்திருக்கும் அதிகாரியின் கடமை. 1872இலேயே 76ஆவது பிரிவில் எழுதினார்கள், 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தில் 75ஆவது பிரிவாக அதையே திரும்ப எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிரிவில் நான் தேடிப் பார்த்துவிட்டேன், நம்பர் என்ற வார்த்தையே இல்லை.

இது நடக்கும் வரை நாம் என்ன செய்வது? என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் பழைய பட்டா உத்தரவுகளின் "பார்வை" வரிகளைப் படியுங்கள். பழைய கிரயப் பத்திரங்களில், சொத்து எப்படி வந்தது என்று விவரம் சொல்லும் இடத்தைப் படியுங்கள், ஓ.பி. நம்பர் அங்கே ஒளிந்திருக்கும். அந்தக் காலத்து வக்கீல் இல்லாவிட்டாலும் அவர் குமாஸ்தாவோ, அவர் ஜூனியரோ கட்டுகளை வைத்திருப்பார்கள். உயில் பதிவானதா என்று வில்லங்கச் சான்றில் தேடாதீர்கள், அதில் உயில் வராது. 3ஆம் புத்தகத்தில் தேடச் சொல்லுங்கள். எந்த மாவட்டம் என்று இன்றைய வரைபடத்தைப் பார்க்காதீர்கள், அன்றைய மாவட்டத்தைப் பாருங்கள். பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கலெக்டர் ஆபீசே மதுரையில்தான் இருந்தது என்பது நம்மில் பலருக்கு நினைவிருக்கும், நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. நம்பர் கிடைத்தால் ஒரு நோட்டில் எழுதி, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

நகல் வந்த அன்று சாயங்காலம் அந்த அம்மாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, உயிலை வாசிக்கச் சொன்னார். மூன்றே பக்கம். நடுவில், என் கடைசிக் காலத்தில் எனக்குச் சோறு போட்டு, மலஜலம் எடுத்துப் பார்த்தது என் இளைய மருமகள்தான் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "எழுதியிருக்காரு பாருங்கண்ணே" என்றார். உயில் இருக்கிறது என்று தெரியும், அதில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

ஐம்பது வருஷமாக அந்த வரி ஒரு கட்டுக்குள், ஒரு நம்பருக்குக் கீழே கிடந்திருக்கிறது. அதைக் கேட்டு வந்தவரிடம், பெயரைக் கேளுங்கள் ஐயா. நம்பர் உங்களிடம்தான் இருக்கிறது.